அமெரிக்க வலதுசாரி வானொலியில் ஏன் எந்நேரமும் நீதிமன்றப் பேச்சு?

கேள்வி இதுதான்: டல்லாஸில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் காரில் எப்போதும் ஏ.எம். வானொலி (எஃப்.எம்.முக்கு முந்தைய பழைய வகை) ஓடியது. ஒரே ஆள் மூன்று மணி நேரம் பேசுகிறார். கிண்டல் செய்கிறார், தலைவர்களைப் போலக் குரல் மாற்றிப் பேசுகிறார், தங்கக் காசு வாங்கச் சொல்கிறார், ஒரு சினிமாவைத் திட்டுகிறார். அடுத்த நிமிடமே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எந்த நீதிபதி என்ன எழுதினார் என்று வகுப்பெடுக்கிறார். இது செய்தியா, பிரசாரமா, பொழுதுபோக்கா? சாதாரண ஜனங்கள் கேட்கும் நிகழ்ச்சியில் சட்டத்துக்கு இவ்வளவு இடம் ஏன்? மறுபடி அந்தக் காரில் மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வது?

பல வருடமாக இந்தக் குரல்களைக் கேட்டு வருகிறேன். சொல்வதில் பெரும்பகுதியில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் கேட்பதை விடவும் முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சுருக்கமாக வேண்டும் என்பவர்களுக்கு: இது அரட்டை வடிவில் நடக்கும் விளம்பர வியாபாரம், அரசியல் அதன் சரக்கு. அந்தச் சரக்கில் நீண்ட நாள் பலன் கொடுத்தது சட்டம்தான். தேர்தல்களை இந்த வானொலி எவ்வளவு மாற்றியது என்பதில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஆனால் நீதிபதி நியமனம் என்ற வறட்டு விஷயத்தை லாரி ஓட்டுநருக்கும் கடைக்காரருக்கும் சொந்தப் பிரச்சினை ஆக்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம்மில் பலருக்கு இந்த வடிவமே புதிதாகத் தெரியும். இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். அதனால் நம் ஆர்.ஜே.க்கள் சினிமா, காதல், டிராஃபிக் என்று நின்றுவிட்டார்கள். அமெரிக்காவில் அப்படித் தடை கிடையாது. ஆனால் 1949 முதல் வேறொரு நிபந்தனை இருந்தது. ஒலிபரப்பு உரிமம் கொடுக்கும் எஃப்.சி.சி. ஆணையம் 'ஃபேர்னஸ் டாக்ட்ரின்' என்று ஒரு விதி வைத்திருந்தது. சர்ச்சைக்குரிய பொது விஷயங்களை நிலையங்கள் பேச வேண்டும், பேசினால் எதிர்த் தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்பது விதி. நிமிடத்துக்கு நிமிடம் சமமாகத் தர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நியாயமான அளவுக்குத் தந்தால் போதும்.

இந்த விதி இருந்த காலத்திலும் வலதுசாரிப் பேச்சு இருந்தது. விதி வருவதற்கு முன்பே, 1930-களில், டெட்ராயிட் பக்கத்து ராயல் ஓக்கிலிருந்து பேசிய பாதிரியார் சார்லஸ் காக்லினுக்குக் கோடிக்கணக்கில் நேயர்கள் இருந்தார்கள். 1954-ல் நோட்டர் டேம் சட்டக் கல்லூரியின் முன்னாள் டீன் கிளாரன்ஸ் மேனியன் வாராவாரம் வானொலியில் அரசியல் சட்டம் பேச ஆரம்பித்தார். சட்டம் படித்த ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து 'அரசாங்கம் எல்லை மீறுகிறது' என்று சொல்லும் வழக்கம் அவ்வளவு பழசு.

விதி எப்படிக் கடித்தது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உலகத்தின் நிரந்தர மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது. 1964 நவம்பரில் பென்சில்வேனியாவின் ரெட் லயன் என்ற சிற்றூர் நிலையத்தில் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற மதபோதகரின் கால் மணி நேர நிகழ்ச்சி ஒலிபரப்பானது. அதில் அவர் ஃபிரெட் குக் என்ற பத்திரிகையாளரைத் தாக்கிப் பேசினார். அந்த ஆண்டு குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற பேரி கோல்டுவாட்டரைப் பற்றிக் கடுமையாகப் புத்தகம் எழுதியவர் குக். பதில் சொல்ல இலவசமாக நேரம் கொடுங்கள் என்று அவர் கேட்டார், நிலையம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969-ல் தீர்ப்பில் பங்கேற்ற நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில் விதி செல்லும் என்றார்கள். அலைவரிசைகள் எண்ணிக்கையில் குறைவு, உரிமம் பெற்றவர் பொதுச் சொத்தின் காவலர் மாதிரி, ஆகவே நிபந்தனை போடலாம் என்பது வாதம். குக்கின் பின்னால் ஜனநாயகக் கட்சி இருந்தது, இந்த விதியைக் கொண்டு வலதுசாரி வானொலியை நெருக்க அந்தக் கட்சி திட்டமிட்டே வேலை செய்தது என்பது 1970-களில் வெளியே வந்தது. இன்றைக்கும் யாராவது 'ஊடக ஒழுங்குமுறை' என்று வாய் திறந்தால் இந்தத் தொகுப்பாளர்கள் துள்ளி எழுவது சும்மா இல்லை.

1987-ல் ரீகன் காலத்து எஃப்.சி.சி. விதியைக் கைவிட்டது. அதைச் சட்டமாகவே ஆக்கிவிடப் பார்த்த நாடாளுமன்ற மசோதாவை ரீகன் சில வாரங்களுக்கு முன்புதான் வீட்டோ செய்திருந்தார். இதில் ஒரு வேடிக்கை: விதி இருக்கட்டும் என்றவர்களில் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி, நியூட் கிங்ரிச் போன்ற பழுத்த வலதுசாரிகளும் உண்டு. தொலைக்காட்சி முழுக்க இடதுசாரிகள் கையில் இருக்கிறது, இந்த விதி இருந்தால்தான் நமக்கு ஓரமாகவாவது இடம் கிடைக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

விதி போனதும் வலதுசாரி வானொலி வெடித்துக் கிளம்பியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. அது பாதிக் கதைதான். மீதிப் பாதி வியாபாரம். 1970-களின் கடைசியில் பாட்டு கேட்பவர்கள் எல்லாம் எஃப்.எம்.முக்குப் போய்விட்டார்கள், ஸ்டீரியோ சத்தத்தோடு ஏ.எம். போட்டி போட முடியவில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஏ.எம். நிலையங்கள் கையில் உரிமத்தையும் கோபுரத்தையும் வைத்துக்கொண்டு என்ன போடுவது என்று தெரியாமல் நின்றன. பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. அதே நேரத்தில் செயற்கைக்கோள் வழியே நிகழ்ச்சி அனுப்புவது மலிவானது. கட்டணமில்லாத தொலைபேசி எண் வந்ததால் எந்த ஊர்க்காரரும் நியூயார்க்குக்கு அழைத்துப் பேசலாம் என்றானது. நிகழ்ச்சி விற்கும் முறையும் மாறியது: நிலையம் காசு தர வேண்டாம், நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், மணிக்கு இத்தனை நிமிட விளம்பர நேரத்தை எங்களுக்கு விடுங்கள். திணறிக்கொண்டிருந்த ஒரு சின்ன நிலையத்துக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்குமா?

அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் ரஷ் லிம்பா. மிசௌரி மாநிலத்தில் கேப் ஜிரார்டோ என்ற ஊரில் வக்கீல் குடும்பத்தில் 1951-ல் பிறந்தவர். தாத்தா, அப்பா, தம்பி எல்லாரும் வக்கீல்கள், இவர் மட்டும் கல்லூரிப் படிப்பை விட்டு டிஸ்க் ஜாக்கி ஆனார். 1984-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் பேச்சு நிகழ்ச்சி தொடங்கினார். 1988 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கிலிருந்து 56 நிலையங்களுக்குப் பேச ஆரம்பித்தார். பின்னாளில் அது 600-ஐத் தாண்டியது. 2008-ல் எட்டு வருடத்துக்குச் சுமார் 40 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார் என்றால், இது கொள்கைப் பிரசாரம் மட்டும் இல்லை என்று புரியும்.

அவர் கண்டுபிடித்தது என்ன என்றால், அரசியலை டிஸ்க் ஜாக்கி மாதிரிப் பேசலாம் என்பதைத்தான். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் கோபக்காரர்களாக அல்லது போதகர்களாக இருந்தார்கள். லிம்பா விளையாட்டுக்காரர். காகிதத்தை மைக் முன்னால் சரசரவென்று புரட்டுவார், மேஜையைத் தட்டுவார், வேண்டுமென்றே மௌனம் காப்பார். பிரபலமான பாட்டுகளின் மெட்டில் அரசியல் கிண்டல் பாட்டு போடுவார். தன் திறமை கடவுளிடம் கடன் வாங்கியது என்று மார் தட்டுவார். கேட்பவருக்கு அது தற்பெருமை என்றும் தெரியும், தற்பெருமையைப் பற்றிய கேலி என்றும் தெரியும். எது எங்கே முடிகிறது என்று தெரியாத அந்த மங்கலில்தான் நிகழ்ச்சியே ஓடியது. யாராவது 'இப்படிப் பேசலாமா' என்று கேட்டால் நான் வெறும் பொழுதுபோக்குக்காரன் என்பார். கட்சித் தலைவர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால் போவார். 1992-ல் ஜனாதிபதி புஷ் அவரை வெள்ளை மாளிகையில் தங்க அழைத்து, அவர் பெட்டியைத் தானே தூக்கிப் போனார். 1994-ல் குடியரசுக் கட்சி நாற்பது வருடத்துக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையைப் பிடித்தபோது, புதிதாக வந்த உறுப்பினர்கள் அவரைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினர் ஆக்கினார்கள்.

அந்த மங்கலின் இன்னொரு பக்கம் அசிங்கமானது. எய்ட்ஸ் நோயாளிகளை வைத்து அவர் செய்த ஆரம்பகாலக் கேலிகளுக்குப் பின்னால் வருத்தம் சொல்ல நேர்ந்தது. 2012-ல் கருத்தடை மருந்துக் காப்பீடு பற்றிச் சாட்சியம் சொன்ன ஜார்ஜ்டவுன் சட்ட மாணவி ஒருவரை மூன்று நாள் தொடர்ந்து கேவலமாகப் பேசினார். விளம்பரதாரர்கள் கும்பலாக விலகினார்கள், மன்னிப்புக் கேட்டார். கேலி என்ற போர்வை எல்லாவற்றையும் மூடிவிடாது.

நிகழ்ச்சியின் அமைப்பைக் கவனித்துக் கேளுங்கள். மணிக்குத் தொடக்கத்தில் சில நிமிடம் செய்தி. பிறகு ஒரு பாட்டுத் துண்டோடு தொகுப்பாளர் நுழைந்து தனியாகப் பேசுவார், இதுதான் நிகழ்ச்சியின் உயிர். நேயர் அழைப்புகள் வருவது அதற்கு அப்புறம். அழைப்பவர்கள் வரிசையாக நிற்க, ஸ்கிரீனர் ஒருவர் யார், என்ன சொல்லப் போகிறார் என்று விசாரித்துத் திரையில் எழுதிக் கொடுப்பார். லிம்பாவுக்கு அந்த வேலையைப் பல்லாண்டு செய்தவர் ஜேம்ஸ் கோல்டன். 'போ ஸ்னெர்ட்லி' என்ற புனைபெயரில் அவரே ஒரு பாத்திரமாகிவிட்டார். அழைப்பவர் எதற்கு என்றால், தொகுப்பாளருக்குப் பேச ஒரு பிடி கொடுக்க. ஒத்துப்போகிறவர் நாலு வார்த்தை பாராட்டிவிட்டுத் தன் ஊர்க் கதை சொல்வார். எதிர்ப்பவரை வரிசையில் முன்னே விடுவார்கள், ஏனென்றால் சண்டை சுவாரசியம். ஆனால் குரலை அணைக்கும் பொத்தான் யாரிடம் இருக்கிறது என்று மறக்கக் கூடாது.

விளம்பரமும் இந்த நெருக்கத்தில்தான் நடக்கிறது. தொகுப்பாளரே தன் குரலில், பேச்சு வேகம் மாறாமல், மெத்தை, தங்கம், அடையாளத் திருட்டுப் பாதுகாப்பு என்று விற்பார். தினமும் மூன்று மணி நேரம் காரில் கூடவே வருகிறவர் சொன்னால், தெரிந்தவர் சொன்ன மாதிரி. கேட்பவர்களில் வயதான வெள்ளைக்கார ஆண்கள் அதிகம். தனியாக வண்டி ஓட்டுகிறவர், தனியாகக் கடையில் நிற்கிறவர், ஓய்வு பெற்றவர். அவர்களுக்கு இது தகவலைவிடத் துணை.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

அமெரிக்கப் பழமைவாதிகளின் மனக்குறைகளை ஒரு பட்டியல் போட்டால், அதில் பெரும்பாலானவை நீதிமன்றத்தில் பிறந்தவை. 1962-ல் அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்ட பிரார்த்தனை செல்லாது என்ற தீர்ப்பு. 1973-ல் கருக்கலைப்பு உரிமை. அப்புறம் இட ஒதுக்கீடு போன்ற ஏற்பாடுகள், ஒரே பாலினத் திருமணம். நாங்கள் ஓட்டுப் போட்டு வந்த மாற்றமில்லை, ஒன்பது பேர் சேர்ந்து எங்கள் மேல் சுமத்தியது என்பது அவர்களின் அடிப்படை வாதம். அதனால் இந்த வானொலியில் கலாச்சாரப் பேச்சும் சட்டப் பேச்சும் தனித்தனிச் சாமான் இல்லை. பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில், பேச்சுச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் தரும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் போய் நிற்கும். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லக் கடைக்காரர்கள் தயங்குகிறார்கள் என்ற டிசம்பர் மாதப் புலம்பலும் மதச் சுதந்திர வழக்கில்தான் போய் முடியும்.

மைக் முன்னால் இருந்தவர்களும் அதற்கு ஏற்றவர்கள். மார்க் லெவின் ரீகன் காலத்து அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸின் தலைமை உதவியாளராக இருந்த வக்கீல். லாரா இங்க்ராம் உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸிடம் சட்ட உதவியாளராக (கிளார்க்) வேலை பார்த்தவர். ஜே செகுலோ அந்த நீதிமன்றத்திலேயே மத உரிமை வழக்குகளை வாதாடிவிட்டு வந்து நேயர் அழைப்புகளை எடுப்பார். ஹியூ ஹியூவிட் சட்டப் பேராசிரியர். அவர் நிகழ்ச்சியில் எர்வின் செமரின்ஸ்கி என்ற இடதுசாரிச் சட்ட அறிஞரும் ஜான் ஈஸ்ட்மன் என்ற வலதுசாரிச் சட்ட அறிஞரும் வாரந்தோறும் புதிய தீர்ப்புகளைப் பற்றி மோதுவார்கள். என் கணக்கில் அந்தப் பகுதி இந்த வானொலி தந்தவற்றில் மிகச் சிறந்தது. சிரித்துக்கொண்டே சண்டை, இரண்டு பக்கமும் வழக்கைப் படித்துவிட்டு வந்திருக்கும். பின்னாளில் செமரின்ஸ்கி பெர்க்லி சட்டக் கல்லூரியின் டீன் ஆனார். ஈஸ்ட்மன் 2020 தேர்தல் முடிவை மாற்ற டிரம்புக்குச் சட்ட யோசனை சொன்னவராகப் பெயர் பெற்றார். அவர் வக்கீல் உரிமத்தையே பறிக்கலாம் என்று 2024-ல், வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் கலிஃபோர்னியா பார் நீதிமன்றத்தின் நீதிபதி பரிந்துரைத்தார். ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் இவை.

இந்தச் சட்டப் பேச்சுக்குப் பலம் எவ்வளவு என்று காட்டியது 2005 அக்டோபர். அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1990-ல் மூத்த புஷ், டேவிட் சூட்டர் என்பவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். பழமைவாதி என்று நம்பி அனுப்பியவர் மெல்ல மெல்ல மறுபக்கம் போய்விட்டார். 'இனி ஒரு சூட்டர் வேண்டாம்' என்பது கோஷமானது. அந்தக் கோஷத்தைத் தினமும் காதில் போட்டது வானொலி. 2005 அக்டோபர் 3 அன்று இளைய புஷ், தன் வெள்ளை மாளிகை வக்கீல் ஹாரியட் மையர்ஸை சான்ட்ரா டே ஓ'கானரின் இடத்துக்கு அறிவித்தார். மையர்ஸ் நீதிபதியாக இருந்ததில்லை, அரசியல் சட்டத்தில் அவர் நிலை என்ன என்று காட்டும் எழுத்தும் இல்லை. என்னை நம்புங்கள் என்றார் புஷ். அன்றைக்கே துணை ஜனாதிபதி டிக் சேனி, லிம்பாவின் நிகழ்ச்சிக்கு வந்து சமாதானம் சொன்னார். ஒரு நீதிபதி நியமனத்துக்காக நாட்டின் துணை ஜனாதிபதி முதல் நாளே வானொலிக்காரரிடம் ஓட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சமாதானம் எடுபடவில்லை. லிம்பா, இங்க்ராம், லெவின் எல்லோரும் எதிர்த்தார்கள். பத்திரிகைகளில் எழுதும் வலதுசாரி அறிவுஜீவிகளும் எதிர்த்தார்கள், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஹியூவிட்டோ மையர்ஸ் பக்கம் நின்றார். பத்திரிகைப் பத்தி படிப்பவர்கள் எத்தனை பேர்? வானொலியில் கேட்டவர்கள், நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய செனட்டர்களின் அலுவலகங்களுக்குப் போன் போட்டார்கள். சொந்தக் கட்சி ஜனாதிபதி தேர்ந்தெடுத்தவரைச் சொந்தக் கட்சிக்காரர்களே வேண்டாம் என்றார்கள். அக்டோபர் 27 அன்று மையர்ஸ் விலகினார். நாலு நாளில் சாமுவேல் அலிட்டோ அறிவிக்கப்பட்டார், 2006 ஜனவரியில் 58-க்கு 42 என்று செனட்டில் தேறினார். 2022 ஜூன் 24 அன்று கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அதே அலிட்டோ. மையர்ஸ் இருந்திருந்தால் எப்படி ஓட்டுப் போட்டிருப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நீதிபதிகளின் பெயரையும் போக்கையும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி நினைவில் வைத்திருக்கும் ஒரு கூட்டம் அந்த மூன்று வாரத்தில் தன் பலத்தைப் பார்த்துக்கொண்டது. 2016-ல் டிரம்ப் தன் நீதிபதிப் பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே வெளியிட்டது இந்தக் கூட்டத்துக்காகத்தான் என்பது என் கணிப்பு.

சட்டப் பேச்சின் தரம் எப்படி என்று கேட்டால், ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். லெவின் நல்ல நாளில் ஒரு தீர்ப்பின் வாதத்தை எந்தச் சட்டக் கல்லூரி மாணவனுக்கும் புரியும்படி பிரித்து வைப்பார். கெட்ட நாளில் அதே ஆள் கத்தல் தவிர வேறொன்றும் தர மாட்டார். வேகமும் ஒரு சிக்கல். 2012 ஜூன் 28 அன்று ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய தீர்ப்பு காலை பத்து மணிக்கு மேல் வந்தது. சி.என்.என்.னும் ஃபாக்ஸும் முதல் சில பக்கங்களைப் பார்த்துவிட்டுச் சட்டம் செல்லாது என்று அறிவித்துவிட்டன. வர்த்தக அதிகாரத்தின் கீழ் செல்லாது, வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் செல்லும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியதன் இரண்டாம் பாதியை அவர்கள் எட்டவில்லை. நண்பகலில் தொடங்கும் வானொலி நிகழ்ச்சிக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கிடைத்தது, தவறு நடக்கவில்லை. அதற்குப் பதில் வேறொன்று நடந்தது: நம் ஆள் என்று பழமைவாதிகள் நம்பியிருந்த ராபர்ட்ஸ் துரோகி ஆனார். தீர்ப்பின் தர்க்கம் ஒரு மணி நேரம் என்றால், ராபர்ட்ஸின் மனம் ஏன் மாறியது என்ற ஊகம் மாதக்கணக்கில் ஓடியது.

நாடாளுமன்றத்திலும் இந்தத் தொலைபேசிப் படை வேலை செய்தது. 2007-ல் இளைய புஷ் ஆதரித்த குடியேற்றச் சீர்திருத்த மசோதா செனட்டில் 46-க்கு 53 என்று விழுந்தது. அன்று செனட்டின் தொலைபேசி இணைப்பகமே திணறியது. இந்த வானொலிதான் நாட்டை நடத்துகிறது என்று அலுத்துக்கொண்டவர் ட்ரென்ட் லாட், அதுவும் குடியரசுக் கட்சி செனட்டர். அதற்குள் வானொலிக்காரர்களே அரசியலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். பின்னாளில் துணை ஜனாதிபதியான மைக் பென்ஸ் 1990-களில் இண்டியானாவில் நிகழ்ச்சி நடத்தியவர். தன்னைக் காஃபின் நீக்கிய லிம்பா என்று சொல்லிக்கொள்வார்.

இடதுசாரிகள் ஏன் இதைச் செய்யவில்லை என்று அடிக்கடி கேட்பார்கள். செய்து பார்த்தார்கள். 2004 மார்ச்சில் 'ஏர் அமெரிக்கா' தொடங்கியது. நகைச்சுவை எழுத்தாளர் அல் ஃபிராங்கன், அப்போது அதிகம் அறியப்படாத ரேச்சல் மாடோ எல்லாம் அதில் இருந்தார்கள். 2010 ஜனவரியில் மூடினார்கள். பணமும் நிர்வாகமும் சொதப்பல், கிடைத்தவை பெரும்பாலும் சிக்னல் குறைந்த நிலையங்கள். அதோடு அந்த நேயர்களுக்கு ஏற்கெனவே என்.பி.ஆர். என்ற பொது வானொலி இருந்தது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் நம்மைக் கேலி செய்கின்றன என்ற உணர்வுதான் வலதுசாரி நேயரை ஏ.எம். பக்கம் தள்ளியது. அந்த உணர்வு மறுபக்கத்தில் அவ்வளவு இல்லை.

2016 இந்த உலகத்தை உள்ளிருந்தே உடைத்தது. மில்வாக்கியில் இருபது வருடத்துக்கு மேல் காலை நிகழ்ச்சி நடத்திய சார்லி சைக்ஸ், டிரம்பை நேரலையில் குறுக்கு விசாரணை செய்தார். மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் டிரம்பின் போட்டியாளர் டெட் குரூஸ் ஜெயித்தார். ஆனால் சைக்ஸ் அந்த ஆண்டு இறுதியில் மைக்கை விட்டு எழுந்துவிட்டார். பெரிய ஊடகங்களை நம்பாதே என்று நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் பொய்யைப் பொய் என்று நேயருக்குக் காட்ட எங்கள் கையில் எந்த ஆதாரமும் செல்லுபடியாகாமல் போனது என்ற பொருளில் அவரே எழுதினார். வெளியாட்கள் எழுதிய ஆய்வுகளைவிட அந்த ஒரு வாக்குமூலம் எனக்கு அதிகம் விளக்கியது. லெவின் ஏப்ரலில் டிரம்புக்கு ஒருபோதும் ஓட்டில்லை என்றார், செப்டம்பரில் போடுவேன் என்றார். நேயர்கள் எங்கே போகிறார்களோ அங்கே போகாத தொகுப்பாளருக்கு விளம்பரம் நிற்காது. தலைவர் போலத் தெரிபவர் பல நேரம் பின்னால் ஓடுகிறவர்தான்.

என்ன வேண்டுமானாலும் பேசலாமா என்றால், ஏறத்தாழ ஆம். பொது வாழ்வில் இருப்பவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே சொன்னார் அல்லது உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டும். 1964 முதல் இதுதான் சட்டம். ஆனாலும் அடி விழுந்திருக்கிறது. டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு கியூமுலஸ் என்ற பெரிய வானொலி நிறுவனம், தேர்தல் திருடப்பட்டது என்று இனிப் பேசினால் வேலை போகும் என்று தன் ஆட்களுக்கு எழுதியது. சாண்டி ஹுக் பள்ளிப் படுகொலையை நாடகம் என்று சொன்ன தொகுப்பாளர் அலெக்ஸ் ஜோன்ஸுக்கு 2022-ல் நூறு கோடி டாலருக்கு மேல் தண்டம். கிறிஸ்தவ, வலதுசாரி நிலையங்களை நடத்தும் சேலம் நிறுவனம், வாக்கு மோசடி பற்றித் தான் வெளியிட்ட ஒரு படத்தை 2024-ல் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது.

இன்றைய நிலை வேறு. லிம்பா 2021 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அவர் நேரத்தில் இப்போது கிளே டிராவிஸ், பக் செக்ஸ்டன் என்று இரண்டு பேர் சேர்ந்து அரட்டை அடிக்கிறார்கள், டிராவிஸும் சட்டம் படித்தவர்தான். கடன் சுமையில் கியூமுலஸ், ஐஹார்ட், ஆடசி என்று பெரிய கம்பெனிகள் வரிசையாகத் திவால் பாதுகாப்புக்குப் போய்வந்தன. மின்சாரக் காரின் மோட்டார் ஏ.எம். அலையைக் கெடுக்கிறது என்று டெஸ்லா, பி.எம்.டபிள்யூ போன்றவர்கள் ஏ.எம்.மையே எடுக்க ஆரம்பித்தார்கள். எடுக்கக் கூடாது என்று மசோதா கொண்டுவந்தவர்களில் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸும் ஜனநாயகக் கட்சியின் எட் மார்க்கியும் சேர்ந்திருக்கிறார்கள். அவசர கால அறிவிப்புக்கு ஏ.எம். தேவை என்பது சொல்லப்படும் காரணம், உண்மையான காரணமும்கூட. ஆனால் அதில் யார் பேசுகிறார்கள் என்பது குரூஸுக்குத் தெரியாததல்ல.

பேச்சு பாட்காஸ்டுக்கு நகர்ந்துவிட்டது. ஹார்வர்டில் சட்டம் படித்த பென் ஷபிரோ, வக்கீலாக இருந்த மெகின் கெல்லி என்று அங்கேயும் சட்டக்காரர்கள்தான் முன்வரிசை. சட்ட அரட்டை மட்டும் வேண்டும் என்றால் ரிச்சர்ட் எப்ஸ்டைன், ஜான் யூ என்ற இரண்டு பேராசிரியர்கள் பேசுவதைத் தேடிக் கேட்கலாம். எப்ஸ்டைன் மூச்சு விடாமல் பேசுவார், யூ நடுவில் கிண்டல் செய்வார். புஷ் அரசில் சித்திரவதைக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்த குறிப்புகளை எழுதியவர்களில் யூவும் ஒருவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அண்ணன் காரில் மறுபடி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சானலை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். ஜூன் மாதக் கடைசி வாரத்தில் போனால் இன்னும் நல்லது, பெரிய தீர்ப்புகள் அப்போதுதான் வரும். தீர்ப்பு வெளியானதும் நீதிமன்றத்தின் இணையதளத்தில் முழுதாகக் கிடைக்கும், முன்பக்கத்திலேயே சில பக்கச் சுருக்கமும் இருக்கும். அதை முதலில் படித்துவிட்டு நிகழ்ச்சியைக் கேளுங்கள். எந்த இடத்தில் தொகுப்பாளர் தீர்ப்பை விட்டு நீதிபதியின் குணத்துக்குத் தாவுகிறார் என்று கவனித்து, அந்த இடத்தில் அண்ணனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த விளம்பர இடைவேளை வரை பேச விஷயம் கிடைக்கும்.